அம்மாவை வெறுத்தால் பாவமா?

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் எங்கள் வட்டார இளைஞர் முகாமில் ஒரு கேள்விப் பெட்டி வைத்திருந்தோம். நேரில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம். வழக்கமான கேள்விகள்தான் வந்தன. திருநீறு ஏன் பூசுகிறோம், காதலிப்பது தப்பா, வேற்று மத நண்பர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது. இவற்றுக்கு நடுவில், பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டில் இப்படி இருந்தது: "எங்கம்மாவ எனக்குப் பிடிக்கல. சில நேரம் வெறுக்கிறேன். இது பாவமா?"

மேடையில் இருந்த பேச்சாளர் நல்ல மனிதர். பத்து மாதம் சுமந்ததையும் பாலூட்டியதையும் உருக்கமாகச் சொன்னார். தாயை வெறுக்கிறவன் எந்தக் கோயிலுக்குப் போனாலும் புண்ணியம் கிடையாது என்று முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் பின்னால் சாப்பாட்டுப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிப்போனது. எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தச் சீட்டை எழுதியது தம்பியா, தங்கச்சியா, தெரியாது. பல மாதமாக மனதில் கிடந்த பதிலை இப்போதுதான் எழுதுகிறேன். எங்கம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு

கிள்ளானில் ஒரு தாமானில் வளர்ந்தேன். அப்பா லாரி ஓட்டினார். வாரத்தில் மூன்று நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டில் அம்மா, நான், தம்பி.

அம்மாவை வெளியே பார்க்கிறவர்கள் அவரைப் போல ஒரு பெண் உண்டா என்பார்கள். கோயிலில் மாலை கட்டுவார். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் அடுப்பைப் பற்றவைப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கக் கண்விழிப்பார். இதில் எதுவும் நடிப்பு இல்லை. அந்த அம்மாவும் உண்மைதான்.

வீட்டுக்குள் வேறு ஒன்றும் இருந்தது. காலையில் "என் தங்கமே" என்று தலைவாரி விடுகிறவர், மத்தியானம் நான் பள்ளியிலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால், "போ, அவளுங்க வீட்டுக்கே போ, உனக்கு அம்மா எதுக்கு" என்று பள்ளிப் பையை வாசலில் வீசுவார். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிவந்த அன்று ஊருக்கெல்லாம் காட்டினார். அன்று இரவு, நான் நன்றியுரையில் ஆசிரியர் பெயரைச் சொன்னதும் அம்மா பெயரைச் சொல்லாததும் நினைவுக்கு வந்து, அதே கோப்பையைச் சுவரில் எறிந்தார். மறுநாள் கண் வீங்க உட்கார்ந்து அதைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அழுதார். நான் போய்க் கட்டிக்கொண்டேன். அப்போது எனக்கு வயது பதினொன்று.

ஒரு மாதம் நான் தெய்வப் பிள்ளை, தம்பி சனியன். அடுத்த மாதம் தம்பி ராஜா, நான் நன்றி கெட்டவள். நடுவில் எதுவும் கிடையாது. பள்ளி முடிந்து வரும்போது வாசலில் செருப்பு கிடக்கும் விதத்தைப் பார்த்தே உள்ளே என்ன வானிலை என்று கண்டுபிடித்துவிடுவோம். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்று ரொம்ப நேரம் ஆனால் தம்பி கதவுப் பக்கத்தில் போய் உட்காருவான். ஏன் என்று இங்கே விவரிக்கத் தேவையில்லை. இப்படி வளர்ந்தவர்களுக்குப் புரியும்.

எஸ்.டி.பி.எம். முடித்ததும் பினாங்கில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. பெட்டி கட்டிவிட்டேன். முதல் நாள் இரவு அம்மா சொன்னார்: "நீ போற பஸ் ஏறினதும் நான் உயிரோட இருக்க மாட்டேன்." நான் பெட்டியைப் பிரித்தேன். அந்த இடம் போனது. சொந்தக்காரர்கள் எல்லாரும், "எவ்வளவு பாசமான பொண்ணு, அம்மாவுக்காகப் படிப்பையே விட்டுட்டா" என்று மெச்சினார்கள். அந்த மெச்சலைக் கேட்டுக்கொண்டே நான் அம்மாவை முதன்முதலாக வெறுத்தேன். வெறுத்த கையோடு சாமி அறையில் போய் மன்னிப்பும் கேட்டேன்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்து ஜொகூருக்குப் படிக்கப் போனேன். சின்னம்மா வந்து அம்மாவோடு தங்கியதால் அது முடிந்தது. அம்மாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கயிறு கட்டிப் பார்த்தார்கள். கிரக தோஷம் என்றார்கள். ஒரு கிளினிக்கில் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். நான் வேலைக்குப் போய்ச் சில வருடம் கழித்துத்தான், ஓர் அரசாங்க மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஒருவர் எங்களையும் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர். தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்கிறார்கள்.

பெயரைக் கேட்டதும் எந்த எல்லை என்று கேட்டேன். 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் சில நோயாளிகளைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அப்போதைய மருத்துவம் மனநோய்களை இரண்டு பெரிய வகையாகப் பிரித்திருந்தது. இரண்டிலும் சேராமல் நடுவில் நின்றவர்களுக்கு வைத்த பெயர் அது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தார்கள். பழைய பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

நோயின் மையத்தில் இருப்பது ஒரு பயம். நெருக்கமானவர்கள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். நமக்குப் பத்து நிமிடத் தாமதம். அவருக்கு அது கைவிடப்பட்டதற்குச் சாட்சி. உணர்ச்சி மளமளவென்று ஏறும், இறங்க நேரம் எடுக்கும். ஓர் ஆளை முழுக்க நல்லவராகவோ முழுக்கக் கெட்டவராகவோதான் பார்க்க முடியும். தான் யார் என்பதே பிடிபடாமல் உள்ளே வெறுமை இருக்கும். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பலருக்கு வரும். இதை இருதுருவ நோய் என்று தவறாக நினைப்பதும் உண்டு. அதில் மனநிலை மாறினால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். இதில் ஒரே நாளில், ஒரு சொல்லால், ஒரு பார்வையால் மாறிவிடும்.

ஏன் வருகிறது? பிறவியிலேயே மென்மையான நரம்பு ஒரு பங்கு, சிறுவயதில் பட்டது ஒரு பங்கு என்றார் மருத்துவர். அம்மா தோட்டத்தில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்து, மூன்று வீடு மாறி வளர்ந்தவர். இந்த விவரம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து கேட்டபோதுதான், பள்ளிப் பையை வாசலில் வீசியது அந்த ஆறு வயதுப் பிள்ளை என்று எனக்குத் தோன்றியது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தது என்பதால் நடந்தது நடக்காததாக ஆகிவிடாது. தம்பி குளியலறைக் கதவோரம் உட்கார்ந்த ராத்திரிகள் அப்படியேதான் இருக்கின்றன.

நம் நூல்கள் என்ன சொல்கின்றன?

தாயைத் தெய்வமாகக் கொள் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். கொன்றை வேந்தனின் முதல் வரியே அதுதான். தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் மனப்பாடம். தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில், படிப்பு முடித்து வீடு திரும்பும் மாணவனுக்குக் குரு சொல்லும் புத்திமதியிலும் அது இருக்கிறது. நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம்.

அதே இடத்தில் குரு நிறுத்திவிடவில்லை. தாய், தந்தை, ஆசான், விருந்தாளி ஆகியோரைத் தெய்வமாகக் கருதச் சொன்ன கையோடு, குற்றமில்லாத செயல்களையே பின்பற்று, மற்றவை வேண்டாம் என்கிறார். எங்களிடம் உள்ள நல்ல நடத்தையை மட்டும் எடுத்துக்கொள், மற்றதை எடுக்காதே என்று தன்னையே சேர்த்துச் சொல்கிறார். வணக்கத்துக்குரியவர்களிடமும் பின்பற்றக் கூடாதது இருக்கலாம் என்று நம் மரபு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது. முதல் பாதியை மேடையேற்றிவிட்டு இரண்டாம் பாதியை நாம்தான் மறந்துவிட்டோம்.

இராமாயணத்தில் பரதனை எடுத்துக்கொள்ளுங்கள். கைகேயிக்கு நோய் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பிள்ளை என்ன செய்தான் என்பதுதான் விஷயம். தாய் தனக்காக வாங்கிவைத்த ராஜ்ஜியத்தை அவன் தொடவில்லை. அவளைக் கடுமையாகத் திட்டவும் செய்தான். சித்திரகூடத்துக்குப் போய்ப் பாதுகையோடு திரும்பி, அயோத்தி அரண்மனையில் இல்லாமல் நந்திகிராமத்தில் பதினான்கு வருடம் இருந்தான். தாயின் ஆசைக்கு இணங்காத பிள்ளை என்று யாரும் அவனைப் பழித்ததில்லை. தர்மத்துக்கு உதாரணம் என்றுதான் சொல்கிறோம். அதே நேரம், விடைபெறும்போது இராமன் அவனிடம் கேட்டுக்கொண்டதையும் வால்மீகி சொல்கிறார்: கைகேயியைக் காப்பாற்று, அவள்மேல் கோபம் கொள்ளாதே.

கீழ்ப்படிவது ஒன்று, காப்பது ஒன்று. பரதன் முதலாவதை மறுத்தான். இரண்டாவது அவன் கடமையாக இருந்தது. நாம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "அம்மா சொன்னா செய்யணும்" என்று சின்னப் பிள்ளைகள் தலையில் வைத்துவிடுகிறோம்.

"இது சுயநலம் இல்லையா?"

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். என் மாமாவே கேட்டார். "நோய்னு தெரிஞ்ச பிறகு இன்னும் கூடத் தாங்கிக்கணும்தானே? எல்லை வைக்கிறேன், தள்ளி இருக்கேன்னு சொல்றதெல்லாம் வெள்ளைக்காரன் பேச்சு."

இதை நான் லேசாகத் தள்ளவில்லை. ரொம்ப நாள் யோசித்தேன். நம் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீடு குறைவு. அம்மாவுக்கு இனிப்புநீர் இருக்கிறது, அழுதுகொண்டே குலாப் ஜாமுன் கேட்கிறார் என்றால் கொடுப்போமா? கொடுக்காதவளைப் பாசமில்லாதவள் என்று யாரும் சொல்வதில்லை. நான் பெட்டியைப் பிரித்தபோதெல்லாம், தோழிகளை விட்டபோதெல்லாம், செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டபோதெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது அதைத்தான். அம்மாவின் பயம் அந்த நிமிடம் அடங்கும். மிரட்டினால்தான் பிள்ளை நிற்பாள் என்று அந்தப் பயத்துக்கு இன்னொரு பாடம் கிடைக்கும். அடுத்த தடவை மிரட்டல் பெரிதாக வரும்.

அப்படியென்றால் சாகப்போகிறேன் என்று சொன்னால் கண்டுகொள்ளாமல் இருப்பதா? கூடவே கூடாது. அந்தப் பேச்சை எப்போதும் உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களைக் கூப்பிட வேண்டும், மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று முன்பு குடும்பங்கள் மூடி மறைத்தன. நாங்களும் மறைத்தோம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்த்த சட்டம் சிங்கப்பூரில் 2020-இலும் மலேசியாவில் 2023-இலும் நீக்கப்பட்டுவிட்டது. இனி அந்தப் பயம் வேண்டாம். உதவி கூப்பிடுவது உங்கள் கடமை. உங்கள் வாழ்க்கையைப் பிணையாக வைத்து ஒரு ஆளை உயிரோடு வைத்திருப்பது ஒரு பிள்ளையால் முடிகிற வேலை இல்லை. அது மருத்துவர்களுக்கே கஷ்டமான வேலை.

இன்னொன்று. "உன் கர்மா, நீ அனுபவிச்சுத்தான் ஆகணும்" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. கர்மா என்பது நான் செய்ததற்கு நான் பொறுப்பேற்கக் கற்றுக்கொடுக்கும் கொள்கை. அடுத்தவர் படுகிற கஷ்டத்தைப் பார்த்து, கை கொடுக்காமல் ஒதுங்கிப்போக அதைப் பயன்படுத்துவது கொள்கையையே அவமதிப்பது. பத்து வயதுப் பிள்ளையிடம் தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை ஏற்கெனவே, "நான் ஏதோ தப்பு செஞ்சிட்டேன், அதனாலதான் அம்மா இப்படி" என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது நாங்கள்

இந்த நோய்க்கு மருந்து மட்டும் போதாது. பேச்சு வழிச் சிகிச்சைதான் முக்கியம். அவற்றில் நன்கு அறியப்பட்ட ஒன்றை உருவாக்கியவர் மார்ஷா லினெஹன் என்ற அமெரிக்க உளவியலாளர். இளம் வயதில் தானே கடுமையாக நோய்வாய்ப்பட்டு மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை அவர் 2011-இல்தான் வெளியே சொன்னார். அந்தச் சிகிச்சையில் ஒரே நேரத்தில் இரண்டு சொல்கிறார்கள்: நீ இருக்கிறபடி உன்னை ஏற்றுக்கொள்கிறோம், நீ மாறவும் வேண்டும். கேட்டபோது எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. கோயிலில் போய் நிற்கும்போது நாம் உணர்வதும் இதுதானே. நல்ல சிகிச்சையும் ஆதரவும் கிடைத்தால் வருடங்கள் போகப்போகப் பெரும்பாலோருக்கு இது தணிகிறது. இது தீராத சாபம் இல்லை.

நான் இப்போது ஜொகூர் பாருவில் இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் மாலை விளக்கேற்றியதும் ஏழு மணிக்கு அம்மாவைக் கூப்பிடுவேன். அவர் திட்ட ஆரம்பித்தால் ஒரு தடவை சொல்வேன், "அம்மா, இப்படிப் பேசினா நான் வைச்சிடுவேன்." தொடர்ந்தால், "நாளைக்குக் கூப்பிடுறேன்மா" என்று வைத்துவிடுவேன். மறுநாள் ஏழு மணிக்கு மறக்காமல் கூப்பிடுவேன். மருத்துவர் சொன்னார், வைப்பது பாதிதான், மறுநாள் கூப்பிடுவது மறுபாதி. விட்டுப்போகிறவர்கள் திரும்ப வருவார்கள் என்பதை அம்மாவின் மனசு அறுபது வயதில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் வருடம் நரகம். வைத்துவிட்டுக் கை நடுங்க உட்கார்ந்திருப்பேன். "பெத்த தாய்கிட்ட இப்படியா" என்று மனசாட்சி குத்தும். இன்றும் சில நாள் குத்துகிறது. போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் குரல் ஏறியது. நான் தயாரானேன். திடீரென்று அவரே, "எனக்குக் கோவம் வருது. நாளைக்குப் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். நான் கைப்பேசியைப் பிடித்தபடி சமையலறையில் அழுதேன். மறுநாள் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவரே கூப்பிட்டார்.

தாயாக வந்தவர்கள்

திருச்சி மலைக்கோட்டையில் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரசவ வேதனையில் இருந்த பெண்ணிடம் அவள் தாய் வர முடியவில்லை. காவிரியில் வெள்ளம். சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார்.

இந்தக் கதையில் தாய்மீது குற்றம் இல்லை. அவள் அக்கரையில் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். வெள்ளம் விடவில்லை. எங்கம்மாவையும் நான் இப்படித்தான் இப்போது பார்க்கிறேன். பாசம் இல்லாமல் இல்லை. நடுவில் வெள்ளம். அதே சமயம், இக்கரையில் வேதனையில் இருக்கும் பிள்ளைக்கு யாராவது வந்தாக வேண்டும். அம்மா வருத்தப்படுவாரே என்று இறைவன் காத்திருக்கவில்லை.

எனக்கு அப்படி வந்தவர்கள் சின்னம்மாவும், பள்ளி முடிந்து நூலகத்தில் சும்மா உட்கார விட்ட ஓர் ஆசிரியையும். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கேட்டார்கள், நம்பினார்கள். "அம்மா உன்மேல எவ்வளவு பாசம் வைச்சிருக்காங்க" என்று வாயை அடைக்கவில்லை.

நம் இயக்கத்தில் தேவார வகுப்பும் முகாமும் நடத்துகிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, இது நம் வேலை. ஒரு பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்ல வந்தால் உடனே உபதேசம் செய்ய வேண்டாம். முதலில் கேளுங்கள். வீட்டில் அடி உதை, ஆபத்து என்றால் மலேசியாவில் தாலியான் காசே 15999 எண்ணைக் கூப்பிடுங்கள். மனம் தாங்காதபோது மலேசியாவில் 15555, சிங்கப்பூரில் 1767.

அந்தச் சீட்டுக்குப் பதில்

தம்பி, தங்கச்சி, யாராக இருந்தாலும் சரி. நீ வெறுக்கிறாய் என்றால் உனக்கு வலிக்கிறது. வலி பாவம் ஆகாது. உன் வீட்டில் இருப்பதும் இதே நோய்தான் என்று நான் சொல்ல முடியாது. அது வேறாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அம்மாவின் கோபத்துக்கு நீ காரணம் இல்லை. அதைச் சரிசெய்வதும் உன் வயதுக்கான வேலை இல்லை. நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல். முதல் ஆள் கேட்காவிட்டால் இரண்டாவது ஆளிடம் சொல். பெரியவனாகிச் சம்பாதிக்கும் காலத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் கடமை உனக்கு வரும். அதை எவ்வளவு தூரத்திலிருந்து செய்தால் கைநடுங்காமல் செய்ய முடியுமோ, அவ்வளவு தூரத்திலிருந்து செய். அதுவரை படி, சாப்பிடு, தூங்கு, சாமி கும்பிடு. வெறுப்போடு வருகிறவனுக்கும் கோயில் கதவு திறந்துதான் இருக்கிறது. நான் அப்படித்தான் பல வருடம் போனேன். யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.

எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. வைத்துவிடுவாரோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "எழுது. யாருக்காவது உதவும்னா எழுது. ஆனா நான் நல்லா சமைப்பேன்னும் எழுதிடு."

நன்றாகத்தான் சமைப்பார். அவர் வைக்கும் நண்டுக் குழம்புக்கு இணையாக நான் இதுவரை எங்கும் சாப்பிட்டதில்லை.